பேட்ரிக் டெனீனும் எங்கள் ஊர் வீடும்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தோம். ஊர் என்றால் அம்பாசமுத்திரம். புனேயில் வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. ரேஷன் கார்டு இங்கே, கேஸ் இணைப்பு இங்கே, பையனுக்குத் தமிழைவிட மராத்தி சரளம். இருந்தும் "ஊருக்குப் போறோம்" என்று சொன்னால் அது அம்பைதான்.

இந்த முறை ஒரு வேலையோடு போயிருந்தேன். அப்பா போனபிறகு அம்மா அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். தம்பி அமெரிக்காவில், நியூ ஜெர்சியில். வீட்டை விற்றுவிட்டு அம்மாவைப் புனேக்குக் கூட்டி வந்துவிடலாம் என்று நானும் தம்பியும் போனில் பலமுறை பேசி முடித்திருந்தோம். அம்மாவிடம் பேசுவதுதான் பாக்கி. சாப்பிட்டு முடித்தபின் மெதுவாக எடுத்தேன். அவள் கோபப்படவில்லை. "விக்கணும்னா வித்துக்கிடுங்கய்யா. நான் போனதுக்குப் பொறவு" என்று சொல்லிவிட்டு ஈயச்சொம்பைக் கழுவப் போய்விட்டாள். அதோடு பேச்சு முடிந்தது.

இந்தப் பயணத்தில் படிக்கத்தான் ஒரு அமெரிக்கப் பேராசிரியரின் புத்தகத்தை எடுத்துப் போயிருந்தேன். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் படிக்க நேரத்துக்கா பஞ்சம்? ஆசிரியர் பேட்ரிக் டெனீன். புத்தகம் 'லிபரலிசம் ஏன் தோற்றது', 2018-ல் வந்தது. அட்டையைப் பார்த்துவிட்டுத் தங்கமணி, "தோத்துப்போன கதையை எல்லாம் காசு குடுத்து வாங்கிப் படிக்கிறீங்களே" என்றாள். பாதி படிக்கும்போதே இதைப்பற்றி ஒரு பதிவு எழுதவேண்டும் என்று தோன்றிவிட்டது. இப்போதுதான் கை வந்தது. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம்மூர் டிவி விவாதங்களில் லிபரல் என்றால் ஒரு பக்கத்து ஆளைத் திட்டும் சொல். டெனீன் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. அவருக்கு லிபரலிசம் என்பது சுமார் நானூறு வருஷத்துப் பெரிய திட்டம். ஹாப்ஸ், லாக் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் பதினேழாம் நூற்றாண்டில் அடித்தளம் போட்டது. மனிதன் முதலில் தனி ஆள். குடும்பம், ஊர், மதம், அரசு எல்லாம் அவன் பின்னால் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு சேர்ந்தவை. எப்போது வேண்டுமானாலும் அவற்றை மறுபரிசீலனை செய்யலாம் என்கிற எண்ணம். இந்த அர்த்தத்தில் அமெரிக்காவின் இரண்டு கட்சிகளுமே லிபரல் கட்சிகள் என்கிறார். ஒன்று சந்தையில் தனிமனிதனுக்குத் தடை கூடாது என்கிறது. இன்னொன்று வாழ்க்கை முறையில் தடை கூடாது என்கிறது. மேடையில் அடித்துக்கொண்டாலும் இரண்டும் ஒரே பறவையின் இரண்டு இறக்கைகள்.

இனி ஆளைப் பற்றி. டெனீன் 1964-ல் பிறந்தவர். வளர்ந்தது கனெக்டிகட் மாநிலத்தில் வின்ட்சர் என்ற சிறு நகரம். 1633-ல் ஆங்கிலேயர்கள் குடியேறிய இடம், அந்த மாநிலத்தின் முதல் ஊர் நாங்கள்தான் என்று பெருமை பேசும் ஊர். நம்மூரில் ஒவ்வொரு கோயிலும் ஆயிரம் வருஷம் என்று சொல்வதுபோல. படித்தது நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில். தம்பி குடியிருக்கும் எடிசனுக்குப் பக்கத்து ஊர். தம்பியிடம் கேட்டேன், அந்த வளாகத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறானாம். இப்படி ஒருவர் அங்கே படித்தார் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்கும் போன வருஷம்வரை தெரியாதுதானே.

ரட்கர்ஸில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் வில்சன் கேரி மெக்வில்லியம்ஸ். 1973-ல் 'அமெரிக்காவில் சகோதரத்துவம் என்ற எண்ணம்' என்று மிகப் பெரிய புத்தகம் எழுதியவர். அமெரிக்கா என்றால் தனிமனித சுதந்திரம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, இல்லை, அந்த நாட்டில் இன்னொரு குரலும் ஆரம்பத்திலிருந்தே உண்டு, ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு சிறு ஊர்களில் சுயாட்சி நடத்திய மக்களின் குரல் அது என்று சொன்னவர். மெக்வில்லியம்ஸ் இடதுசாரிப் பக்கம் நின்றவர் என்பதைக் கவனிக்க வேண்டும். டெனீனை வலதுசாரி என்று முத்திரை குத்துகிறவர்கள் இந்த வேரை மறந்துவிடுகிறார்கள்.

1995-ல் முனைவர் பட்டம். அந்த ஆய்வேட்டுக்கு அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் பரிசு. பிறகு இரண்டு வருஷம் கிளின்டன் அரசில், அமெரிக்கத் தகவல் நிறுவனத்தின் இயக்குநருக்கு உரை எழுதிக் கொடுக்கும் வேலை. 1997-ல் பிரின்ஸ்டன். 2005-ல் வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன். அங்கே டோக்வில் பெயரில் ஒரு படிப்பு வட்டத்தை ஆரம்பித்து நடத்தினார். 2012-ல் இந்தியானா மாநிலத்தில் உள்ள நோட்ர டாம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்.

ஆய்வேட்டிலிருந்து பிறந்த முதல் புத்தகம் 2000-ல் வந்தது. அரசியல் நூலில் யாரும் எதிர்பார்க்காத பொருள்: ஹோமரின் ஒடிஸி. அதன் துணைத் தலைப்பை 'புறப்பாட்டின், திரும்புதலின் அரசியல்' என்று தமிழில் சொல்லலாம். டிராய் போர் முடிந்து வீடு திரும்ப ஒடிசியஸ் பத்து வருஷம் கடலில் அலைகிறான். கலிப்சோ என்ற தேவதை "இங்கேயே இரு, சாவே இல்லாமல் வாழலாம்" என்கிறாள். அவன் மறுக்கிறான். வயதாகிக்கொண்டிருக்கும் மனைவியும், பாறை நிறைந்த சின்னத் தீவும் போதும் என்கிறான். பிளேட்டோவில் தொடங்கி ரூசோ, விக்கோ, அடோர்னோ வரை தத்துவவாதிகள் இந்தக் கதையை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று டெனீன் பார்க்கிறார். உலகம் முழுக்கச் சுற்றிப் பார்த்த அறிவும் வேண்டும், திரும்பி வந்து ஓரிடத்துக்குக் கட்டுப்படுவதும் வேண்டும். இரண்டையும் ஒரே மனிதன் வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி. அவர் பின்னால் எழுதிய எல்லாவற்றுக்கும் இதுதான் விதை என்று எனக்குத் தோன்றுகிறது.

(ஒடிஸியில் ஒரு விஷயம் உண்டு. வீடு திரும்பினாலும் ஒடிசியஸுக்கு ஓய்வில்லை என்று குறி சொல்லப்படுகிறது. துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, கடலையே பார்க்காத ஜனங்கள் இருக்கும் இடம்வரை நடக்கவேண்டும். யாராவது அதைத் துடுப்பு என்று தெரியாமல் தானியம் தூற்றும் சாதனம் என்று நினைத்துக் கேட்டால் அங்கே நிற்கலாம். எங்கள் பக்கம் என்றால் "சுளகு" என்று கேட்டிருப்பார்கள்!)

சரி, 2018 புத்தகத்துக்கு வருவோம். 2016 தேர்தலில் டிரம்ப் ஜெயிப்பதற்கு முன்பே எழுதி முடித்த புத்தகம் இது. ஆனால் வெளிவந்த நேரத்தில் எல்லோரும் "என்னதான் நடந்துபோச்சு நம்ம நாட்டுக்கு" என்று விழித்துக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்ட, அடிக்குறிப்புகள் நிறைந்த ஒரு நூல் பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்த வருஷம் ஒபாமாவே, முடிவுகளில் பெரும்பாலானவற்றோடு உடன்பாடில்லை என்று சொல்லிக்கொண்டே, படிக்கவேண்டிய பட்டியலில் சேர்த்தார்.

வாதம் இதுதான்: லிபரலிசம் தோற்றது தன் கொள்கையிலிருந்து விலகியதால் அல்ல. சொன்னதை முழுக்கச் செய்து காட்டியதால்தான் தோற்றது. மனிதனை எல்லாக் கட்டிலிருந்தும் விடுவிக்கிறேன் என்றது, விடுவித்தது. கட்டு போனதும் கூடவே தாங்கிப் பிடித்த கையும் போனது. தனியாக நிற்கும் மனிதனுக்கு நோய், வேலையிழப்பு, முதுமை என்று வரும்போது யாரிடம் போவான்? அரசிடம்தான். அதனால் தனிமனிதம் வளர வளர அரசும் வளர்கிறது. ஒன்றுக்கொன்று எதிரி என்று நாம் நினைத்த இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. இதை 1830-களிலேயே பிரெஞ்சுக்காரர் டோக்வில் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்து எழுதிவிட்டார். டெனீன் அந்த இழையைப் பிடித்து இன்றுவரை கொண்டு வருகிறார்.

சுதந்திரம் என்ற சொல்லின் அர்த்தமே மாறிவிட்டது என்பது அடுத்த கருத்து. கிரேக்கர்களுக்கும் பழைய கிறிஸ்தவர்களுக்கும் சுதந்திரம் என்றால் தன் ஆசைகளைத் தான் ஆளும் திறமை. அது தானாக வராது, பழக்கத்தால் வரவேண்டும். பழக்கத்தைக் கற்றுத்தர வீடும் ஊரும் வேண்டும். புதிய அர்த்தத்தில், தோன்றியதைச் செய்யத் தடை இல்லாத நிலைதான் சுதந்திரம். இந்த இரண்டாவது அர்த்தத்துக்கு ஊர் ஒரு தொந்தரவு.

அவர் ஆமிஷ் மக்களை உதாரணம் காட்டுகிறார். பென்சில்வேனியா, ஒஹையோ பக்கம் குதிரை வண்டியில் போகிற கூட்டம். ஒரு கருவியை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய அவர்கள் கேட்கும் கேள்வி, இது நம்மை ஒன்றாக வைத்திருக்குமா, பிரித்துவிடுமா என்பதுதானாம். அதே காரணத்துக்காகத்தான் இன்சூரன்ஸும் வேண்டாம் என்கிறார்கள். கொட்டகை எரிந்துபோனால் ஊரே வந்து கட்டிக் கொடுக்கும். பாலிசி இருந்தால் யாரும் வரவேண்டியதில்லை, அல்லவா? 1965-ல் அமெரிக்க அரசும் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து இவர்களில் சொந்தத் தொழில் செய்வோருக்கு விலக்குக் கொடுத்தது. எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. அம்மாவுக்கு நான் செய்து வைத்திருப்பதெல்லாம் ஒரு மெடிக்ளெய்ம் பாலிசி, ஒரு சிசிடிவி கேமரா.

ஆனால் ரயிலில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த பகுதி இது இல்லை. பெரிய பல்கலைக்கழகங்களைப் பற்றிய பகுதி. நெய்வேலியைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். திறந்தவெளிச் சுரங்கத்தில் மேல்மண்ணை எல்லாம் வழித்துத் தள்ளிவிட்டுக் கரியை அள்ளுவார்கள். பெயர்பெற்ற கல்விக்கூடங்கள் செய்வதும் அதுதான் என்கிறார் டெனீன். சின்ன ஊர்களில் எல்லாம் தோண்டி, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து எடுத்து, தூரத்தில் வைத்துப் பதப்படுத்தி, வேறெங்கோ உபயோகத்துக்கு அனுப்புகின்றன. எடுத்த இடத்தில் பள்ளம்தான் மிச்சம். அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, புத்திசாலிகள், உழைப்பாளிகள். எங்கே வேண்டுமானாலும் வாழத் தெரிந்தவர்கள், அதனால் எங்கேயும் சேராதவர்கள். பழைய பிரபுக்களுக்குக்கூடத் தங்கள் குடிமக்கள் முகத்தில் விழிக்கவேண்டிய கட்டாயம் இருந்தது. இந்தப் புதிய பிரபுக்களுக்கு அதுவும் இல்லை. திறமையால் மேலே வந்தேன், யாருக்கும் கடன்பட்டவன் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். சோலாப்பூர் தாண்டியிருந்தது. எங்கள் தெருவில் தீபாவளி அன்றைக்கு எத்தனை வீட்டில் வெடிச் சத்தம் இருக்கும் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ப்ளஸ் டூவில் என்னோடு படித்தவர்களில் நல்ல மார்க் வாங்கியவன் ஒருத்தன்கூட ஊரில் இல்லை. எங்களை அனுப்பி வைத்ததே ஊர்தான். கணக்கு வாத்தியார் சாயங்காலம் காசு வாங்காமல் பாடம் எடுத்தது, அப்பா பி.எஃப். பணத்தில் லோன் போட்டது எல்லாம் நாங்கள் கிளம்பிப் போகத்தான். இதில் யாரைக் குறை சொல்ல?

நோட்ர டாம் இருக்கும் சவுத் பெண்ட் நகரத்தைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது, ஏனென்றால் இது என் தொழில். நான் சாக்கன் பக்கம் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சவுத் பெண்டில்தான் ஸ்டூடிபேக்கர் கார்த் தொழிற்சாலை இருந்தது. குதிரை வண்டி செய்ய ஆரம்பித்து, காருக்கு மாறி, ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்த ஊரை வாழவைத்த கம்பெனி. 1963 டிசம்பரில் அங்கே உற்பத்தியை நிறுத்தினார்கள். 1960-ல் சுமார் 1.3 லட்சம் பேர் இருந்த நகரம், 2010 கணக்கெடுப்பில் சுமார் 1 லட்சம். மூடிப்போன ஆலை உள்ள ஊரில், உலகம் முழுவதிலிருந்தும் மாணவர்கள் வந்து படித்து, முடித்ததும் சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் பறந்துபோகும் ஒரு பணக்காரப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்துதான் டெனீன் சுரங்கத்தைப் பற்றி எழுதுகிறார். அவரும் வின்ட்சருக்குத் திரும்பவில்லை. அவருக்கு ஆதர்சமான எழுத்தாளர் வென்டல் பெரி திரும்பினார். நியூயார்க்கில் பேராசிரியர் வேலையை விட்டு 1960-களின் நடுவில் கென்டக்கியில் சொந்த ஊர்ப்பக்கம் போய் நிலம் வாங்கி உழுதார். டெனீனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் நம் கட்சி என்று சொல்ல வந்தேன்.

இங்கே என் நண்பன் ஒருவனைப் பற்றி எழுதவேண்டும். அம்பையில் என்னோடு ஒரே வகுப்பு. புனேயில் மத்திய அரசு வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வந்தவனிடம் இதையெல்லாம் ஒரு வேகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மக்கா, நீ ஊரு ஊருங்கது ஒன் தெருவ. எங்க அப்பா அந்தத் தெருவுல செருப்பக் கையில எடுத்துட்டுத்தான் போவாரு. அந்தப் பள்ளத்துல இருந்து என்னைய தோண்டி எடுத்தாங்கன்னா, நல்லது பண்ணிருக்காங்கன்னு அர்த்தம்."

எனக்குப் பதில் இல்லை. காபி ஆறிப்போனது.

இந்தக் கேள்வியை அமெரிக்காவிலும் டெனீனிடம் கேட்டார்கள். சிறு ஊர், உள்ளூர்ப் பழக்கம், சுயாட்சி என்கிறீர்களே, தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களைத் தனிப் பள்ளிக்கூடத்தில் வைத்ததும் உள்ளூர்ப் பழக்கம்தானே? அதை உடைத்தது 1954-ல் உச்சநீதிமன்றத் தீர்ப்பும், 1964-ல் மத்திய அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டமும்தானே? டெனீன் முழுக்க மறுக்கவில்லை. லிபரலிசத்தின் சாதனைகளை ஒப்புக்கொள்ளவேண்டும், பழைய காலத்துக்குத் திரும்பிப் போகமுடியாது, கூடாது என்று கடைசி அத்தியாயத்தில் எழுதுகிறார். ஆனால் அந்த ஒப்புதல் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. இழப்பைப் பற்றி இருநூறு பக்கம், விடுதலையைப் பற்றி நாலு பக்கம். விடுதலை யாருக்குத் தேவைப்பட்டதோ அவர்கள் எழுதியிருந்தால் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். நம் நாட்டில் இந்தச் சண்டை டெனீன் பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்தது. கிராமமே அடிப்படை என்றார் காந்தி. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எழுந்து, கிராமம் என்பது குறுகிய புத்தியின் கிடங்கு என்ற பொருளில் பேசி, அலகு தனிமனிதன்தான் என்று வரைவை ஆதரித்தார். நண்பன் படித்தவன், இந்த உரையை எனக்கு எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

2018 புத்தகத்தின் தீர்வு மிக அடக்கமானது. புதிதாக ஒரு பெரிய சித்தாந்தம் வேண்டாம். வீட்டில் சமைப்பது, பழுது பார்ப்பது, அண்டை அயலோடு கொடுக்கல் வாங்கல், பிள்ளைகளுக்கு நாமே கற்றுத்தருவது என்று சின்னச் சின்னப் பழக்கங்களை மீட்போம். கோட்பாடு பின்னால் வரட்டும். "இவ்வளவுதானா?" என்று பலர் ஏமாந்தார்கள். எனக்கு அந்த அடக்கம் பிடித்தது.

ஐந்து வருஷத்தில் அந்த அடக்கம் போய்விட்டது. இடையில் 2019 நவம்பரில் புடாபெஸ்டில் ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பானைச் சந்தித்தார். ஓர்பான் 2014-லேயே தன் அரசு லிபரல் அரசு அல்ல என்று வெளிப்படையாக அறிவித்தவர். நாலு பிள்ளை பெற்ற தாய்க்கு வாழ்நாள் முழுக்க வருமான வரி இல்லை என்ற அவர் திட்டம் டெனீன் போன்றவர்களைக் கவர்ந்தது. அரசு நினைத்தால் குடும்பத்தைத் தாங்க முடியும் பார் என்றார்கள். அதே அரசின் நெருக்கடியால்தான் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் அந்த 2019-லேயே புடாபெஸ்டை விட்டு வியன்னாவுக்கு இடம் மாறவேண்டி வந்தது. அதைப் பற்றி இந்த அணி அதிகம் பேசுவதில்லை.

2023-ல் வந்தது 'ஆட்சி மாற்றம்: பின்-லிபரல் எதிர்காலத்தை நோக்கி'. இங்கே டெனீன் வேறு ஆள். மேல்தட்டு என்று ஒன்று எப்போதும் இருக்கத்தான் செய்யும்; இப்போதுள்ள மேல்தட்டு சாமானியர்களை வெறுக்கிறது; எனவே சாமானியர்களின் பலத்தைக் கொண்டு இவர்களை இறக்கிவிட்டு, அவர்கள் நலனைத் தன் நலனாக நினைக்கும் புதிய மேல்தட்டை ஏற்றவேண்டும் என்கிறார். வழி மாக்கியவெல்லியுடையது, இலக்கு அரிஸ்டாட்டிலுடையது என்று அவரே சொல்லிக்கொள்கிறார். 435 பேர் உள்ள பிரதிநிதிகள் சபையை ஆயிரம் பேராகப் பெருக்குவது, மத்திய அரசு அலுவலகங்களை வாஷிங்டனிலிருந்து மற்ற ஊர்களுக்குப் பிரித்து அனுப்புவது, இளைஞர்களுக்குக் கட்டாய தேச சேவை, கைத்தொழில் கல்விக்கு மரியாதை என்று யோசனைகள். அலுவலகங்களை ஊர் ஊராகப் பிரிக்கும் யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் முதல் புத்தகத்தில், அரசு வளர்ந்துதான் ஊரை விழுங்கியது என்று சொன்னவர், இப்போது ஊரை மீட்க அதே அரசைக் கேட்கிறார். அந்தப் புதிய மேல்தட்டு நாளைக்கு மாறாமல் இருக்க என்ன உத்தரவாதம் என்று கேட்டால், நல்ல பண்பு வேண்டும் என்பதைத் தாண்டிப் பதில் இல்லை. என்னைக் கேட்டால் முதல் புத்தகம் நோயை நன்றாகச் சொன்ன வைத்தியர் எழுதியது. இரண்டாவது, மருந்துக்கடைக்காரர் அவசரத்தில் எழுதியது.

அந்தப் புத்தக வெளியீட்டை ஒட்டி 2023 மே மாதம் வாஷிங்டனில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டத்தில் டெனீனோடு மேடையில் இருந்தவர் செனட்டர் ஜே.டி. வான்ஸ். தன்னைப் பின்-லிபரல் வலதுசாரி என்று சொல்லிக்கொண்டார். 2025 ஜனவரியில் துணை அதிபராகப் பதவியேற்றார். ஒரு பேராசிரியரின் வாழ்நாளில் தன் கருத்து அதிகாரத்துக்கு இவ்வளவு அருகில் போவதைப் பார்ப்பது அபூர்வம்.

வான்ஸின் கதையைப் பாருங்கள். ஒஹையோவில் மிடில்டவுன் என்ற எஃகு ஆலை ஊர். அங்கிருந்து ராணுவம், மாநிலப் பல்கலைக்கழகம், யேல் சட்டக் கல்லூரி, பிறகு கலிஃபோர்னியாவில் முதலீட்டுக் கம்பெனி. டெனீன் சொன்ன சுரங்கக் கரிக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. மனைவி உஷா, ஆந்திராவிலிருந்து போய் அமெரிக்காவில் குடியேறிய தம்பதியின் மகள். எல்லோரும் எங்கேயோ இருந்து எங்கேயோ போனவர்கள்தான்.

வெளியிலிருந்து வருவோரைக் குறைத்தால் உள்ளூர்த் தொழிலாளிக்குக் கூலி கூடும், ஊரும் ஊராக இருக்கும் என்பது இந்த அணியின் பொதுக் கருத்து. இதை நானே தலையாட்டிக்கொண்டு படித்தேன். 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்த ராத்திரி தம்பி போன் செய்தான். அவனுக்கு அது நேரடியாகப் பொருந்தாது, ஏற்கெனவே உள்ளே இருக்கிறான், பச்சை அட்டைக்கு வரிசையில் நிற்கிறான். ஆனாலும் குரல் சரியில்லை. "அண்ணே, ஒருவேளை திரும்பி வரவேண்டி இருந்தா எங்க வர்றது? அம்பைக்கா, புனேக்கா?" என்று கேட்டான். டெனீனின் ஊரில் அவனுக்கு இடம் இருக்கிறதா என்று நான் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். அவன் பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். அவர்களுக்கு எடிசன்தான் ஊர். பக்கத்து வீட்டுக் கிழவிக்குப் பனி தள்ளிக் கொடுப்பது தம்பிதான். டெனீன் கேட்கும் அயலாருக்கான இலக்கணம் எல்லாம் அவனிடம் இருக்கிறது, பத்திரம் மட்டும் இல்லை.

வீட்டு விஷயம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். விற்கவில்லை. அம்மா சொன்னதற்காக மட்டும் இல்லை, தம்பி கேட்ட கேள்விக்காகவும். வீடு இருந்தால் பராமரிக்கவேண்டும். பின்கட்டில் ஓடு நாலைந்து இடத்தில் நகர்ந்து, மழைக்கு ஒழுகுகிறது. அடுத்த ஐப்பசிக்குள் மாற்றவேண்டும். முன்பு ஓடு மாற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம் அம்மா கேட்டாளாம். முட்டுவலி, இனி ஏற முடியாது என்கிறாராம். அவர் பையனுக்கு இந்த வேலை அத்துப்படி. ஆனால் அவன் இப்போது இருப்பது திருப்பூரில்.

அம்பை, கல்லிடைக்குறிச்சி பக்கம் ஓட்டு வேலை தெரிந்த ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பொங்கலுக்கு நான் ஊரில் இருப்பேன்.